மிதித்து வைத்த தூரம்

எங்கள் ஊருக்கு எதுவும் நேரத்துக்கு வந்ததில்லை. காலை எட்டரை மணி பஸ் பத்தேகாலுக்கு வரும், ஐப்பசி மழை தையில் வந்து பூவிட்ட மாமரத்தை அடித்துப்போட்டுவிட்டுப் போகும், முதியோர் பென்ஷன் உத்தரவு அதை வாங்கவேண்டியவர் கல்லறைக்குப் போன பிறகு தபாலில் வரும். ஆகையால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இன்னாசிமுத்துவின் பட்டறையில் நின்றிருந்த அமெரிக்கக் கார், காற்றில்லாத நாலு டயரோடும் சொட்டுப் பெட்ரோல் இல்லாத டேங்கோடும், முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரில் மிதித்த மிதிக்கு இப்போது மரியாதை கொடுத்துப் புறப்பட்டபோது, கணவாய்ப்பட்டியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. டீக்கடை பொம்மக்கா மட்டும், "இப்பத்தான் தோணுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றினாள்.

அந்தக் காரை, எங்கள் ஊரிலிருந்து ஏறுகிற மலைப்பாதையின் உச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்த ஹாலோவே துரை கப்பலில் கொண்டுவந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் செய்த வண்டி. வெளிர் நீலம், இரண்டே கதவு. அதன் தேசத்தில் அதைச் சின்னக் கார் என்பார்களாம், எங்கள் ஊரில் அது அம்பாசிடரைவிட ஒரு முழம் நீளமாக நின்றது. எஞ்சின் பின்னால் இருக்கும், முன்னால் திறந்தால் வெறும் பெட்டி. ரேடியேட்டர் கிடையாது. மலை ஏறுகிற வண்டியெல்லாம் இரண்டாம் வளைவில் நின்று வாயைத் திறந்து தண்ணீர் கேட்கும்போது இந்த வண்டி மட்டும் யாரிடமும் ஒரு குவளை கேட்காமல் போகும். அதற்காகவே எங்கள் ஊர்க்காரர்கள் அதன்மேல் மரியாதை வைத்திருந்தார்கள். கம்பெனிப் பெயரின் எழுத்துகள், நாங்கள் இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொள்வதற்குள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. பின்னால் டர்போ என்று எழுதிய வட்டம் ஒன்றுதான் மிச்சம். ஊரில் அதுவே பெயர் ஆகிவிட்டது.

டர்போ என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் இன்னாசிமுத்து அலுக்காமல் சொல்வார். "எஞ்சின் வெளிய துப்புற புகையில ஒரு காத்தாடி சுத்துது. அந்தக் காத்தாடி இன்னொரு காத்தாடியச் சுத்தி, காத்தப் பிடிச்சு எஞ்சினுக்குள்ள திணிக்குது. வீணாப் போறதுகிட்ட வேலை வாங்குறது, அம்புட்டுத்தான். ஆனா மிதிச்ச ஒடனே வராது. பொக கூடணும், காத்தாடி வேகம் பிடிக்கணும். கொஞ்சம் பொறுத்தா, பின்னாடி இருந்து பத்துப் பேரு சேந்து தள்ளுன மாதிரி வரும்." உலகத்தில் டர்போ வைத்து விற்ற முதல் கார்களில் இது ஒன்று என்றும், அந்தக் காலத்து டர்போவுக்கு அந்தக் கொஞ்சம் பொறுக்கிற குணம் கூடுதல் என்றும் சொல்வார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஹாலோவே துரை தேசத்துக்குத் திரும்பிய அன்று, கோடை ரோடு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், எங்கள் ஊருக்குள் வண்டி நின்றது. எஞ்சின் ஓடியது, அவர் மிதித்தார், வண்டி நகரவில்லை. ஒரு மணி நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு, முகப்பில் பதித்திருந்த வெள்ளித் தகட்டையும் அதிலிருந்த வட்ட வட்ட மீட்டர்களையும் ஒருமுறை தடவிக்கொடுத்து, சாவியைப் புதிதாகப் பட்டறை போட்டிருந்த இன்னாசிமுத்துவின் கையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்த மிதிதான் முப்பத்தோரு வருஷம் கழித்து வந்தது. வண்டி மலை ஏறி, துரை இருந்த பங்களா வாசலில் ஹார்ன் அடித்துக் காத்திருந்து, யாரும் வராததால் இறங்கி, கோடை ரோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கதவைத் திறந்து மூடி, சாயந்திரம் பட்டறைக்குள் வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த முப்பத்தோரு வருஷத்தில், ஓடாத வண்டிதானே என்று, ஊரில் அநேகமாக எல்லோரும் அதில் உட்கார்ந்து மிதித்திருந்தோம். சண்டை போட்டவன் உட்கார்ந்து மிதித்தான், காதலித்தவன் உட்கார்ந்து மிதித்தான், பெயிலானவன் கண்ணை மூடிக்கொண்டு மெட்ராஸை நினைத்து மிதித்தான், கல்யாணம் ஆகிவந்த பெண்கள் இன்னாசிமுத்து சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தாய்வீட்டை நினைத்து மிதித்தார்கள். அத்தனை மிதியும் அதற்குள் இருந்தது. இனி ஒவ்வொன்றாக வரும் என்று எங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

வந்தது. முதலில் ரெங்கையா வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடித்தது. ஏறும்வரை அடித்தது. இருபத்திரண்டு வயதில் பெரியகுளத்துப் பெண் ஒருத்தியை நினைத்து மிதித்தவர், இப்போது பேரன் எடுத்தவர், மனைவி முறைக்க முறைக்க ஏறிப் போனார். கார் அவரைச் சரியாக அந்தப் பெண் இருந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. கண்ணில் புரை விழுந்த அந்த அம்மாள் வெளியே வந்து, "கரண்ட் கணக்கா? மீட்டர் பின்பக்கம் இருக்கு" என்றாளாம். ரெங்கையா பின்பக்கம் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்தார். "எல்லாம் போச்சு. ஆனா போறப்ப வந்துச்சு பாரு ஒரு வேகம், முதுக சீட்டோட ஒட்டவச்சு, அது இருவத்திரெண்டு வயசு வேகம்டா" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். காரின் ருசி அதுதான். போகிற இடம் செத்துப்போயிருக்கும், போகிற வேகம் மட்டும் மிதித்த அன்றைக்கு இருந்த மாதிரியே பச்சையாக இருக்கும்.

பழகிவிட்டோம். எதற்குத்தான் நாங்கள் பழகவில்லை? ஹார்ன் சத்தம் கேட்டால், எந்த வீட்டு வாசல் என்று பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி போய் அடுப்பை அணைப்பாள், எதிர்வீட்டுக்காரி ஆட்டைப் பிடித்துக் கட்டுவாள், போகிறவர் மாற்றுத் துணியோடு ஏறுவார், இரண்டு நாளில் பஸ்ஸில் திரும்பி வருவார். பங்குச்சாமியார் கோவிலில், கோபத்தில் மிதிக்காதீர்கள், நாளைக்குத் தேவைப்படுவதை இன்றைக்கே மிதித்து வையுங்கள் என்று பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டு ஒரு புதுமணப்பெண் ஆஸ்பத்திரியை நினைத்துப் பிரசவத்துக்காக மிதித்து வைத்தாள். கார் பதினோரு வருஷம் கழித்து வந்தது. அவள் பிரசவ வார்டுக்கு ஆறாம் வகுப்புப் படிக்கிற மகளையும் கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்த நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

தபால்காரர் வரதராஜு போன பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது. அவர் எப்போதோ அண்ணனோடு சண்டையிட்டு, பம்பாய்க்குப் போகிறேன், இந்த ஊரில் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று மிதித்தவர். போனார். திரும்பவில்லை. நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எந்த ரயிலில் ஏறினாலும் விடிந்து பார்த்தால் அதே தாதர் ஸ்டேஷனில் இறங்குகிறேன், பதினேழு முறை பார்த்துவிட்டேன், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். திரும்பக்கூடாது என்று மிதித்தவன் திரும்ப முடியாது என்று ஊர் அறிந்துகொண்டது அப்படித்தான்.

இனி அமலோற்பவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் இன்னாசிமுத்துவின் மனைவி. இருபத்தொன்பது வயதில் அவளுக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, படுக்கையில் மாமியார், பட்டறையில் புருஷன். புருஷன் நல்லவர், குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், ஆனால் கூப்பிடுவார். அமலூ, பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர். அமலூ, காப்பி. அமலூ, அந்தப் பழைய துணி. அமலூ, இங்க வா. வந்தால், ஒண்ணுமில்ல போ. ஒருநாள் மத்தியானம் காப்பியை எடுத்துக்கொண்டு போனவள், அவரைக் காணாமல், டம்ளரை வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, மணப்பாறையில் இருந்த அம்மா வீட்டை நினைத்து, இரண்டு காலாலும் தரையில் முட்டுகிறவரை மிதித்தாள். அழுதாள். ஏதோ வாய்விட்டுச் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டதும் இறங்கி ஓடிவிட்டாள்.

"திரும்பி வரக்கூடாதுன்னு நெனச்சுத்தான் மிதிச்சேன் பொம்மக்கா" என்று வரதராஜுவின் கடிதம் வந்த அன்று பொம்மக்காவிடம் மட்டும் சொன்னாள். பொம்மக்காவிடம் மட்டும் சொன்னதால் ஊருக்கே தெரிந்தது.

அன்றைக்கே அவள் புருஷனிடம், அந்த டர்போவைக் கழற்றிப்போட்டுவிடுங்கள் என்று கேட்டாள். ஊரும் கேட்டது. பஞ்சாயத்துத் தலைவர் நல்லகாமன் நேரில் வந்து கேட்டார். நாலு போல்ட், அரைமணி நேர வேலை. மற்ற எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுகிற இன்னாசிமுத்து, "அதுல கை வைக்கக் கூடாது. அவுங்கவுங்க பயணம் அதுல கெடக்கு" என்று சொல்லிவிட்டார். மனுஷனுக்குப் பொண்டாட்டியைவிட இரும்புதான் பெரிது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பிறகு அவருக்கு வாதம் வந்து வலதுபக்கம் விழுந்தது. இடது கையும் வாயும் மிச்சம். மகள் திருப்பூரில், மகன் கத்தாரில். மாமியார் செத்து அந்தக் கட்டில் காலியாக இருந்தது, அதில் அவர் படுத்தார். அமலூ, தண்ணி. அமலூ, ஒண்ணுக்கு. அமலூ, பொரட்டிப் போடு. அமலூ, ஃபேன கூட்டு. அமலூ, கொறை. ஆறு வருஷம். தெருவில் எந்த வண்டி ஹார்ன் அடித்தாலும் அவள் கையில் இருந்தது அப்படியே நிற்கும். அது தன் வாசலில் வந்து நின்றால் தான் போய்த்தான் ஆகவேண்டும், போனால் வர முடியாது, இந்த மனுஷன் இந்தக் கட்டிலில் நனைந்து நாறிச் சாவார். அதை நினைத்து அவளுக்குப் பதறும். கூடவே, வந்தால் வரட்டுமே என்றும் ஒரு நினைப்பு ஓடும். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் கஞ்சி வடித்தாள்.

வந்தது. ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. வாசலில் நின்று அடித்தது. பொம்மக்கா கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, வழக்கப்படி அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். அமலோற்பவம் நகரவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. தெரு முழுக்க நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். கார் அடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மணிக்கு இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். வாதத்தால் சொற்கள் குழையும், பொம்மக்காவுக்கு எல்லாம் புரிந்தது.

"அமலூ, போயிட்டு வா."

"வர முடியாதுங்க. தெரியாத மாதிரி பேசாதீங்க. நான் திரும்பி வராம இருக்கத்தான் மிதிச்சேன்."

"இல்ல. நீ அப்பிடிச் சொல்லல."

"நான் என்ன சொன்னேன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வண்டிக்கு அடியிலதான் கெடந்தேன். பின்பக்கம், எஞ்சினுக்குக் கீழ. காப்பி வச்சது, கதவு சாத்துனது எல்லாம் கேட்டுச்சு." அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மாதாவே, எங்கம்மா வீட்டுல ஒரே ஒரு நாள், யாரும் என்னியக் கூப்பிடாம நான் தூங்கணும். அம்புட்டுத்தான் சொன்னே. ஒரு நாள்தான் கேட்டே. நீ திரும்பி வந்துருவே. அதான் போல்ட்ல கை வைக்க விடல. அது ஒன்னோட நாளு."

அமலோற்பவம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஹார்ன். அவள் சந்தோஷப்படுவாள், அழுவாள், அவர் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று பொம்மக்கா எதிர்பார்த்து முந்தானையைக்கூட எடுத்து வைத்துக்கொண்டாளாம்.

"கேட்டீங்க" என்றாள் அமலோற்பவம்.

"கேட்டேன்."

"இருவத்தொம்பது வருசமா ஒங்களுக்குத் தெரியும்."

அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார்.

"ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாள். அத நீங்களே குடுத்துருக்கலாம்ல? ஒரு ஞாயித்துக்கெழம, காப்பிய நீங்களே போட்டுக் குடிச்சு, பிள்ளைகளத் தூக்கிட்டு எங்கயாச்சும் போயிட்டு, அவ தூங்கட்டும்னு விட்டுருந்தா முடிஞ்சு போச்சு. கையும் காலும் நல்லாத்தான இருந்துச்சு அப்ப? காதுல விழுந்ததக் கேட்டுக்கிட்டு, கீழ கெடந்து வெளிய வந்து, என்ன சொன்னீங்க தெரியுமா? காப்பி ஆறிப்போச்சு, சுடவச்சுக் குடுன்னீங்க. எனக்குத் தூக்கம் வேணும்னா அமெரிக்காவுல இருந்து ஒரு காரு வரணுமா?"

இன்னாசிமுத்துவின் இடது கை போர்வையை நீவிக்கொண்டே இருந்தது.

அவள் எழுந்தாள். மாற்றுச் சேலை எடுக்கவில்லை, தலை வாரவில்லை. "கஞ்சி வடிச்சிருக்கு, நீராகாரமும் இருக்கு" என்று பொம்மக்காவிடம் சொல்லிவிட்டு நேரே போய் ஏறினாள். ஹார்ன் நின்றது. வண்டி தெருமுனைவரை மெதுவாகப் போய், பிறகு அந்த இருபத்தொன்பது வயது வேகம் பின்னாலிருந்து வந்து தள்ள, தூசியைக் கிளப்பிக்கொண்டு காணாமல் போனது.

மணப்பாறையில் அவள் அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. அந்த இடத்தில் மாட்டுத்தீவனக் கடை இருந்தது. அவள் கடைக்காரரிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், பருத்திக்கொட்டை மூட்டைகளின் மேல் சாய்ந்து கண்ணை மூடினாள். தட்டி எழுப்பப்போன வேலையாளைக் கடைக்காரர் மனைவி தடுத்து, தீவனம் வாங்க வந்தவர்களையெல்லாம் மறுபக்க வாசல் வழியாக அனுப்பினாளாம். மறுநாள் அதே நேரம்வரை தூங்கினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பக்கத்துத் தெருவிலிருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். ஏறினால் ஊருக்குக் கொண்டுவந்து விட்டிருக்கும். அவள் ஏறவில்லை. ஒரு நாள் முடிந்து பத்து நாள் ஆனது, இருபது ஆனது.

இங்கே நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். இன்னாசிமுத்து எங்களையும் கூப்பிட்டார். ரெங்கையா, தண்ணி. நல்லகாமா, பொரட்டிப் போடு. ரெங்கையா, இங்க வா. வந்தால், ஒண்ணுமில்ல போ. ஐந்தாம் நாள் நல்லகாமன் தாலுகா ஆபீஸில் வேலை இருக்கிறது என்று காணாமல் போனார். பத்தாம் நாள் ரெங்கையா, "எப்பிடிடா அந்தப் பொம்பள இருந்துச்சு" என்று டீக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குப் போன எங்கள் ஆட்களில் சிலர், யாரும் சொல்லாமலே, குடித்த டம்ளரைத் தாங்களே கழுவி வைத்தார்கள். சிலர் என்றுதான் சொல்கிறேன்.

போகப்போக இன்னாசிமுத்து கூப்பிடுவது குறைந்தது. கூப்பிடவேண்டிய பெயர் பக்கத்தில் இல்லாததால் இருக்கலாம்.

நாற்பத்தோராம் நாள் பத்தேகால் பஸ்ஸில் அமலோற்பவம் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் போய்த் தண்ணீர் சுடவைத்து அவரைத் துடைத்து, வேட்டி மாற்றி, குழம்பு வைத்து ஊட்டினாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துப் படுத்தாள்.

ஐந்து மணிக்கு, அவள் வீட்டுக் கஞ்சிப் பானையைத் திருப்பிக் கொடுக்கப் போன பொம்மக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அமலோற்பவம் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில் இன்னாசிமுத்து விழித்திருந்தார். வேட்டி நனைந்து, கட்டிலுக்கு அடியில் சொட்டிச் சிமெண்டுத் தரையில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் அடக்கிப் பார்த்திருக்கவேண்டும், நெற்றியெல்லாம் வியர்வை. அசைகிற அந்த ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தார். பொம்மக்காவைப் பார்த்ததும் கண்ணால் பாயைக் காட்டி, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பொம்மக்கா பானையைச் சத்தமில்லாமல் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.